கோவையிலிருந்து ஸ்டுட்கார்ட்: மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர், ஒரு கிரைண்டர்

சிறுவாணி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது. ப்ளூ கார்டு வழி, அதாவது பட்டதாரிகளுக்கு ஐரோப்பிய நாடுகள் தரும் வேலை அனுமதி. கணவரும் மகனும் என்னுடனேயே வருகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் கிளம்ப வேண்டும். கணவருக்குக் கணபதியில் சொந்த லேத் பட்டறை; அதைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு வருகிறார்.

இப்போது வீட்டில் ஓடும் பெரிய விவாதம் கிரைண்டர். "கோயமுத்தூர்க்காரி கிரைண்டர் இல்லாமல் போனால் நன்றாகவா இருக்கும்" என்று மாமியார் இரண்டு லிட்டர் டேபிள் டாப்பைத் துடைத்துக் கூடத்தில் எடுத்து வைத்துவிட்டார். எடை பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தேன், 12 கிலோ. எங்களுக்கு ஆளுக்கு ஒரு 23 கிலோ பெட்டிதான். கல்லை மட்டும் கைப்பையில் எடுத்துப்போக விடுவார்களா? அங்கே கரண்ட் ஒத்துவருமா? மிக்ஸி, குக்கர் எல்லாம் எடுத்து வரலாமா? நெய், ஊறுகாய், கறிவேப்பிலை? எனக்குத் தைராய்டு மாத்திரை வேறு உண்டு.

இரண்டாவது, பெயர். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர். கணவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. அவர் பெயரும் மாமனார் பெயரும் சேர்ந்து கிவன் நேமிலேயே இருக்கின்றன. மகனுக்குச் சர்நேம் என் கணவர் பெயர். கல்யாணச் சான்றிதழில் பார்த்தால் எல்லோருக்கும் வெறும் இனிஷியல். இதெல்லாம் பிரச்சினை ஆகுமா?

மூன்றாவது, கல்யாணச் சான்றிதழ், பையன் பிறப்புச் சான்றிதழ், என் டிகிரி எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்வதற்காக நம் அரசு வைக்கும் முத்திரை, போட்டே ஆக வேண்டும் என்று ஒரு ஏஜென்ட் 18,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

வீடு பிரச்சினை இல்லை, முதல் ஆறு வாரத்துக்குக் கம்பெனியே ஏற்பாடு செய்கிறது. வேறு ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.


வைகைக்கரை எழுதியது:

சிறுவாணி, கிரைண்டருக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள், வீட்டுக்கு ஒரு வரி. 2019இல் மதுரையிலிருந்து கிளம்பியபோது நானும் இப்படித்தான் இருந்தேன். பயணப் பெட்டியில் எதை வைப்பது என்று மூன்று மாதம் யோசித்தேன்; தபால் பெட்டியில் என்ன பெயர் இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அதனால் உங்கள் கேள்விகளுக்குத் தலைகீழாகவே பதில் சொல்கிறேன்.

"வீடு பிரச்சினை இல்லை" என்ற வரியைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கம்பெனிக்கு இன்றைக்கே ஒரு மெயில் போட்டு, அந்தத் தற்காலிக வீட்டில் ஆன்மெல்டுங் செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஆன்மெல்டுங் என்றால் முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டின் உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும்: இன்னின்னார் இந்தத் தேதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்தார்கள் என்று. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. தற்காலிக வீடுகள் சிலவற்றில் அந்தத் தாளைத் தரவே மாட்டார்கள். தாள் இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, ப்ளூ கார்டு அட்டை வேலை நகராது, வங்கியில் இழுப்பார்கள். நம் ஊரில் ஆதாரும் ரேஷன் கார்டும் சேர்ந்து செய்கிற வேலையை இங்கே இந்த ஒரு பதிவு செய்கிறது.

எனக்குத் தாள் கிடைத்தது, பதிவும் ஆயிற்று. அடுத்து வரி எண் தபாலில் வர வேண்டும். மூன்று வாரம் ஆயிற்று, நான்கு வாரம் ஆயிற்று, வரவே இல்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. 14ஆம் எண் கட்டடம் என்றால் அதிலிருக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் அதே முகவரிதான். தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரை மட்டும். எங்கள் பெட்டியில், அந்த வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களின் பெயர் இருந்தது. கடிதம் வந்திருக்கிறது, இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று திரும்பிப் போயிருக்கிறது. வரி எண் இல்லாததால் முதல் சம்பளத்தை ஆறாம் வரி வகுப்பில் போட்டார்கள். இருப்பதிலேயே அதிகம் பிடிக்கும் வகுப்பு அதுதான். சம்பளத்தில் பாதிக்குச் சற்று மேலே கைக்கு வந்தது. பிறகு கணக்கைச் சரிசெய்து திருப்பித் தந்தார்கள், ஆனால் அந்த ஒரு மாதம் பருப்பு ரசத்திலேயே ஓடியது.

என் தப்புதான். ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி டேப் போட்டு ஒட்டியிருந்தால் முடிந்திருக்கும். இப்போதெல்லாம் இந்தப் பக்கம் யார் புதிதாக வந்தாலும் முதல் நாள் பார்க்கப் போகும்போது ஸ்கெட்ச் பேனாவும் செல்லோடேப்பும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

உங்கள் பெயர்க் கேள்வி இங்கேதான் வந்து சேர்கிறது. உங்கள் தபால் பெட்டியில் மூன்று பெயர் எழுத வேண்டியிருக்கும்: உங்கள் அப்பா பெயர், உங்கள் மாமனார் பெயர், உங்கள் கணவர் பெயர். மூன்றையும் எழுதுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் சொந்தப் பெயருக்குத்தான் அந்தப் பெட்டியில் இடமிருக்காது! எனக்கும் அதே கதைதான். ஆபீசில் நான் "ஃப்ரௌ முத்துச்சாமி". ஃப்ரௌ என்றால் திருமதி. அப்பாவிடம் சொன்னபோது, "என்னைப் பொம்பளை ஆக்கிட்டாங்களா" என்று போனிலேயே சிரித்தார்.

சர்நேம் வேறுவேறாக இருப்பதால் ஒன்றும் ஆகாது. காலியாக இருப்பதுதான் தொல்லை. உங்கள் கணவர் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். சர்நேம் இல்லாதவர்களுக்கு முழுப் பெயரும் குடும்பப் பெயர் வர வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பிக்குக் காப்பீட்டு அட்டையில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் ஒரு மாதிரி பெயர் விழுந்து, இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். விசாவுக்குப் போகும் முன்பே பாஸ்போர்ட் சேவை மையத்தில் மனுக் கொடுத்து, பெயரை இரண்டாகப் பிரித்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். விசா ஒட்டிய பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. கல்யாணச் சான்றிதழ் இனிஷியலுக்காக, இந்த எழுத்து இந்தப் பெயர்தான் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கோப்பில் வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள்.

ஏஜென்டுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் 2005இல் சேர்ந்தது உண்மை. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. அதனால் இந்த இரண்டு நாட்டுக்கும் நடுவே அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. இங்குள்ள ஏதாவது அலுவலகத்துக்கு நம் சான்றிதழில் சந்தேகம் வந்தால், அவர்களே ஜெர்மன் தூதரகம் வழியாக ஆளை விட்டு விசாரிப்பார்கள். சென்னைத் தூதரகத்தின் பட்டியலில் என்ன கேட்டிருக்கிறதோ அதை மட்டும் கொடுங்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிப் பழகியவர்கள் எல்லா நாட்டுக்கும் ஒரே மருந்து எழுதுகிறார்கள். உங்கள் டிகிரிக்கு, வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைச் சொல்லும் அனாபின் என்ற ஜெர்மன் தளத்தில் கல்லூரி, பட்டம் இரண்டையும் தேடி அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று: பையனின் தடுப்பூசி அட்டை. தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்குச் சான்று இல்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்க மாட்டார்கள். 2020 மார்ச்சிலிருந்து சட்டம். இரண்டு டோஸ், தேதியோடு. என் மகன் அட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்தது. மஞ்சள் கறை, ஓரத்தில் பால் கணக்கு, ஒரு தேதி பென்சிலில். இங்குள்ள குழந்தை மருத்துவர் அதைக் கல்வெட்டு பார்க்கிற மாதிரி பார்த்தார். ஊருக்குப் போன் போட்டு, அப்பா போய், நர்ஸ் அக்கா பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, புதிதாக ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வைத்து வாங்கி அனுப்பினார்கள். நீங்கள் ஊரில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள், அரை நாள் வேலை.

மாத்திரையை மூன்று மாதத்துக்கு மேல் எடுத்து வராதீர்கள், சொந்த உபயோகத்துக்கு அவ்வளவுதான் அனுமதி. டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

ஊர்ப் பக்கம் செய்ய வேண்டியதில் முதலாவது, உங்கள் இந்திய சிம்மில் ரோமிங் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வங்கி, ஆதார் எல்லாமே அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியில்தான் உயிரோடு இருக்கின்றன. சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அது விதி. பலர் மாற்றாமலே இருக்கிறார்கள், அப்புறம் மாட்டுகிறார்கள். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை போட்டுக்கொண்டே வரலாம், நீட்டிக்க முடியாது. பட்டறை, வீடு எதற்காவது பவர் எழுத வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதே முடித்துவிடுங்கள். இங்கிருந்து எழுதினால் தூதரகத்துக்கு ஒரு நாள், அது ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரை வரி கட்டுவதற்கு இன்னொரு நாள். பட்டறையிலிருந்து உங்கள் கணவருக்கு வருமானம் தொடர்ந்தால் அதையும் இங்கே வரிக் கணக்கில் காட்ட வேண்டும். முதல் வருடம் மட்டுமாவது ஒரு வரி ஆலோசகரிடம் போங்கள்.

சரி, கிரைண்டர். கரண்ட் ஒத்துவரும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும்தான் வேறு. கடையில் விற்கும் சின்ன அடாப்டரில் எர்த் இருக்காது, மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அதை நம்பாதீர்கள். இங்கே வந்து எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி பிளக்கையே மாற்றிவிடலாம். கல்லைக் கைப்பையில் வைத்து ஏர்போர்ட் செக்யூரிட்டிக்கு விளக்கம் சொல்வது உங்கள் இஷ்டம்.

நெய் கூடாது. பால், கறி சம்பந்தப்பட்ட எதையும் ஐரோப்பாவுக்குள் பயணிகள் கொண்டுவரக் கூடாது. என் மாமியார் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ, உருக்கிய நெய் ஒரு தூக்கு கட்டித் தந்தார். இறங்கிய விமான நிலையத்தில் சுங்கக்காரர் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துக் குப்பையில் போட்டார். பால்கோவாவை அவர் முகர்ந்து பார்த்தார் என்பது மட்டும் ஆறுதல். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று வேண்டும். தேங்காய்க்கு வேண்டாம்! தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கும் விலக்கு. யார் யோசித்தார்களோ, பாதிப் பூஜைத் தட்டைப் பாஸ் செய்துவிட்டார்கள். கறிவேப்பிலையைக் காயவைத்துப் பொடியாக்கி எடுத்து வாருங்கள். ஊறுகாய் வரலாம், மூடியை நம்பாதீர்கள்.


ராங் சைடு எழுதியது:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார், லைசென்ஸ் மட்டும் விட்டுவிட்டார். நான் திருச்சிக்காரன், நான்கு வருடமாக இங்கே.

நம் ஊர் டிரைவிங் லைசென்ஸ் இங்கே குடிவந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதுவும் மொழிபெயர்ப்போடு. ஆர்டிஓவில் இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கி வந்தால் உதவும். ஆறு மாதத்துக்கு அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும். லைசென்ஸ் இருக்கிறவர்களுக்கு இத்தனை வகுப்பு கட்டாயம் என்று கிடையாது, ஆனால் டிரைவிங் ஸ்கூல் வழியாகத்தான் தேர்வுக்குப் போக முடியும். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு எல்லாம் உண்டு. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். 30 கேள்வி.

எழுத்தில் பாஸ். ஓட்டுவதில் முதல் தடவை ஃபெயில். 30 கிலோமீட்டர் வேகக் குடியிருப்புத் தெரு, சந்தில் ஒரு போர்டும் இல்லை, கோடும் இல்லை. அப்படி இருந்தால் வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை. வலதிலிருந்து ஒரு பாட்டி மெதுவாகக் காரில் வந்தார். நம் ஊர்க் கணக்குப்படி அவர் வருவதற்குள் நான் போய்விடலாம் என்று அழுத்தினேன். பக்கத்திலிருந்த பயிற்சியாளரே பிரேக்கைப் போட்டார். அவர் பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. இரண்டாம் முறை அந்த மாதிரி ஒவ்வொரு சந்திலும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து பாஸ். மொத்தம் 2,400 யூரோ. வந்த மூன்றாம் மாதமே ஆரம்பித்துவிடச் சொல்லுங்கள் உங்கள் கணவரிடம்.


சிறுவாணி எழுதியது:

அக்கா, கம்பெனிக்கு மெயில் போட்டேன். இன்று பதில் வந்தது: அந்த வீட்டில் பதிவு செய்ய முடியாதாம். நான் கேட்ட பிறகுதான் அவர்களே விசாரித்திருக்கிறார்கள். வேறு வீடு பார்த்துத் தருகிறோம் என்கிறார்கள். இதைக் கேட்காமல் கிளம்பியிருந்தால்! கணவர் பாஸ்போர்ட்டுக்கும் அப்பாயின்ட்மென்ட் போட்டாயிற்று. ஏஜென்டிடம் வேண்டாம் என்றேன், "அப்புறம் என்கிட்டத்தான் வருவீங்க" என்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. கல்யாண நகை முப்பது பவுன் இருக்கிறது. லாக்கரில் விடுவதா, எடுத்து வருவதா? பையனுக்கு செப்டம்பரில் ஆறு முடிகிறது, இங்கே ஒன்றாம் வகுப்பு ஆரம்பித்துவிட்டான். அங்கே நேராக ஸ்கூலா?

கிரைண்டர் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.


பனங்கொட்டை எழுதியது:

பிள்ளை, நான் 1984இல் வந்தனான். கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பேர்லின், பிறகு ரயிலில் மேற்கு பேர்லின். அந்த நேரம் எங்கட ஆக்கள் கனபேர் வந்த பாதை அதுதான். தோளில் ஒரு பை. அதுக்குள்ள இரண்டு சேட்டு, ஒரு சாரம், அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள். இப்ப கிறைண்டர் கொண்டு வரலாமோ எண்டு கேட்கிற காலம் வந்திட்டுது, சந்தோசம்.

கொண்டு வாங்கோ. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போடாதையுங்கோ. இரவு பத்து மணி தொடக்கம் காலை ஆறு மணி வரைக்கும் சத்தம் கூடாது, ஞாயிறும் விடுமுறை நாளும் முழு நாளும் அப்படித்தான். சில கட்டிடங்களில் மத்தியானமும் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை எண்டு எழுதி ஒட்டியிருப்பினம். எங்கட மனுசி ஒரு ஞாயிறு காலை உழுந்து அரைச்சவ. கீழ் வீட்டு அம்மா மேலே வந்து, உள்ளே என்ன திருத்த வேலை நடக்குது எண்டு கேட்டா. மனுசி கூப்பிட்டுக் கிறைண்டரைக் காட்டி, சுடச்சுட நாலு வடையும் குடுத்து அனுப்பினா. வடையை வாங்கிச் சாப்பிட்டவதான், அடுத்த ஞாயிறும் வந்து மணி அடிச்சா. இப்ப சனிக்கிழமை அரைக்கிறது, கீழே பழைய கம்பளத் துண்டை நாலாய் மடிச்சு வைக்கிறது.

நீங்கள் வாற பகுதி ஷ்வாபியர் எண்டு சொல்லுற ஜேர்மன் ஆக்களின்ர ஊர். அங்கே கேர்வொஹே எண்டு ஒண்டு இருக்குது. ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டுக்காரர் பொதுப் படிக்கட்டு, வாசல் கூட்டித் துடைக்க வேணும். உங்கட முறை வந்தால் கதவில ஒரு சின்னப் பலகை தொங்கும். தூசி இருக்கோ இல்லையோ, பலகை வந்தால் கூட்ட வேணும். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற நேரத்தில் கூட்டினால் இன்னும் நல்லம்.

கடிதம் பற்றி அந்தத் தங்கச்சி எழுதினது நூற்றுக்கு நூறு. நான் ஒண்டு சேர்க்கிறேன். ஒரு கடிதமும் எறியாதையுங்கோ. ஓர்ட்னர் எண்டு தடிச்ச கோப்பு விற்கும், முதல் கிழமையே நாலு வாங்கி வையுங்கோ. நான் 1987இல் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவின மாதங்களுக்கு அத்தாட்சி இருக்கோ எண்டு ஓய்வூதியத்துக்குக் கணக்குப் பார்க்கேக்க கேட்டவை. என்னட்ட இருந்தது. கூட வேலை செய்தவர் எறிஞ்சிட்டார்.

மகனுக்குத் தமிழ் எப்படி எண்டு நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இரண்டு வருடத்தில் கேட்பீங்கள். எங்கட ஆக்கள் வார இறுதியில் தமிழ்ப் பள்ளி பல ஊர்களில் நடத்துகினம். முதல் மாதமே போய் எழுதி வையுங்கோ. டொச், அதுதான் ஜேர்மன் மொழி, தானாய் வரும், தமிழ் தானாய் நிக்காது. கோடையில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேருக்கு ஒருக்கால் போங்கோ. 2002இல் கட்டி முடிச்ச கோயில். உங்கட இடத்திலிருந்து தூரம்தான், ஆனால் கோபுரத்தைக் கண்டால் மகன் நம்பமாட்டான் ஜேர்மனி எண்டு.


வைகைக்கரை எழுதியது:

ஐயா, அந்தக் கம்பளத் துண்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

சிறுவாணி, அந்த மெயிலுக்கு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள், புதிய வீட்டுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

நகை: ஆறு மாதத்துக்கு மேல் உங்களிடம் இருந்த பொருள், நீங்கள் ஒரு வருடத்துக்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருந்தவர், குடிபெயர்ந்து வருகிறீர்கள் என்றால் சுங்க வரி கிடையாது. ஆனால் சொல்லாமல் பச்சை வழியில் நடக்கக் கூடாது. சிவப்பு வழியில் போய்ப் பட்டியலைக் காட்ட வேண்டும். திரும்ப ஊருக்கு எடுத்துப்போகும்போது அங்கே வரி கேட்காமல் இருக்க, கிளம்பும் விமான நிலையத்தில் இந்தியச் சுங்கத்திடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். இத்தனை கஷ்டத்துக்கு அந்த நெக்லஸை எங்கே போடப் போகிறீர்கள்? நவம்பரில் கழுத்துவரை ஜாக்கெட். தாலி, ஒரு ஜோடி தோடு, இரண்டு வளையல் போதும். மீதி லாக்கரில் தூங்கட்டும்.

பையன்: ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஜூன் 30க்குள் ஆறு முடிந்தவர்களுக்குத்தான் அந்த வருடம் கட்டாயப் பள்ளி. உங்கள் பையன் அடுத்த வருடம். முன்னாலேயே சேருங்கள் என்று கேட்கலாம், பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் வேண்டாம். ஒரு வருடம் கிண்டர்கார்டனில் மண்ணில் புரண்டு ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டு போனால் ஒன்றாம் வகுப்பில் சிரித்துக்கொண்டு உட்காருவான். இடம் கிடைப்பதுதான் கஷ்டம், முகவரி பதிந்த அன்றே நகராட்சியில் கேளுங்கள். கிண்டர்கெல்ட் என்று குழந்தைக்கு மாதாமாதம் பணம் தருவார்கள், 2025இல் 255 யூரோ, 2026 முதல் 259. ப்ளூ கார்டுக்காரர்களுக்கும் உண்டு. மனுப் போட்டால்தான் வரும். அதே தபால் பெட்டியில் ஒளிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதமும் வரும். டிவி இல்லையே என்று நானும் கிழித்துப் போட்டேன். ஏமாற்றுக் கடிதம் இல்லை, கட்ட வேண்டும்.

உங்கள் கணவருக்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை, வந்த நாளிலிருந்தே வேலை பார்க்கலாம். விசாவுக்கும் ஜெர்மன் தேர்வு கேட்க மாட்டார்கள். அதற்காகப் படிக்காமல் வந்துவிடாதீர்கள். லேத் தெரிந்த கைக்கு இந்தப் பக்கம் வேலை இருக்கிறது. போர்மனோடு பேசத் தெரிய வேண்டும்.

நிரந்தர வீடு எடுக்கும்போது ஒன்று. "அடுப்படி உண்டா" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. சாவி வாங்கிக் கதவைத் திறந்தால் சமையலறையில் சுவரிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய், தரையோரம் ஒரு வயர், அவ்வளவுதான். சிங்க் இல்லை, அடுப்பு இல்லை, மேலே பல்பு இல்லை, வெறும் இரண்டு கம்பி தொங்கியது. முந்தைய குடித்தனக்காரர் தன் அடுப்படியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார், அது அவருடையது. முதல் இரவு செல்போன் டார்ச்சில், குளியலறைக் குழாயில் அரிசி கழுவி, எலெக்ட்ரிக் குக்கரைத் தரையில் வைத்துத் தயிர்சாதம். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகைதான் கேட்கலாம், அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கையில் ஏழு, எட்டாயிரம் யூரோ இல்லாமல் இறங்காதீர்கள்.

அடுப்பு பெரும்பாலும் கரண்ட் அடுப்பு அல்லது இண்டக்ஷன். அலுமினியக் குக்கர் இண்டக்ஷனில் வேலை செய்யாது, எவர்சில்வரில் இண்டக்ஷன் அடி உள்ளதாக ஐந்து லிட்டர் ஒன்று வாங்குங்கள். இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும். ஈயச் சொம்பை மாமியாரிடமே விட்டுவிடுங்கள். கிரைண்டரை நான் எடுத்து வரச் சொல்வேன், அவர் மனசுக்காக இல்லை, இட்லிக்காக. உங்கள் பெட்டியில் வேண்டாம். கணவர் பெட்டியில், கல்லைச் சுற்றி ஸ்வெட்டர்.

குக்கருக்கு கேஸ்கெட் மூன்று, வெயிட் ஒன்று கூடுதலாக வையுங்கள். பெட்டியில் போடும் முன் அந்த மூடியிலேயே மாட்டிப் பாருங்கள். நான் மூன்றரை லிட்டர் குக்கருக்கு ஐந்து லிட்டர் கேஸ்கெட் நாலு எடுத்து வந்தேன், இன்னும் டிராயரில் இருக்கின்றன. நீங்கள் ஐந்து லிட்டர் வாங்கினால் சொல்லுங்கள், வந்து தருகிறேன்.